மருதாயியின் பிளாட்டு

1979-இல் மருதாயிக்கு நாற்பத்தெட்டு வயது. பார்த்த சினிமா இரண்டு. சொன்ன சினிமா நூறைத் தாண்டும். பார்த்த இரண்டிலும் விளக்கணைந்ததும் தூங்கிவிட்டாள்.

திங்கட்கிழமை போடியிலிருந்து மலையேறும் முதல் ஜீப்பில், அவள் மடியில் புதுப்படப் பாட்டுப்புத்தகம் இருக்கும். அதிலுள்ள கதைச்சுருக்கம் பாதியில் நின்று, மீதியைத் திரையில் காணச் சொல்லும். மருதாயி அந்த மீதியை ஏலத்தோட்டத்தில் கூலிவேலைக்கு நடுவே சொல்வாள்.

அவளுக்கு முழங்கால் மடங்காது. செடித் தூரில் குந்திக் காயெடுப்பது பெரும்பாடு. கதை சூடுபிடிக்கும்போதெல்லாம் அவளோடு வரிசையாய்க் காயெடுக்கும் நிரையிலுள்ள எட்டுப் பெண்களும் ஆளுக்கொரு கை காயை அவள் கூடையில் போடுவார்கள். சாயங்காலம் எடை குறைந்தால் கங்காணி சோலைமலை சொல்வது ஒன்றுதான்: "நாளைக்கு ஜீப்பு ஏற வேணாம்."

சினிமா நோட்டீசில் 'புதுமையான பிளாட்' என்று கண்டு, அதைச் சுவரில் ஒட்டிக்கொண்டிருந்த பையன் அமாவாசையிடம் பொருள் கேட்டாள். "கதைதான்க்கா" என்றான். அவளுக்கு அது ஒப்பவில்லை. மறுநாள் நிரையிலிருந்த பெண்களிடம் தானே பொருள் சொன்னாள்: "சும்மா மழ பேஞ்சா அது மழ. மழயில ஜீப்பு நின்னு, எறங்குனவ ஓடிப்போன புருசன அங்ஙன பாத்துட்டான்னா, அதுதாண்டி பிளாட்டு. ஒண்ணு இன்னொண்ண இழுத்துக்கிட்டு வரணும்."

மாமியார் திட்டினாள் என்று யாராவது கண்ணைக் கசக்கினாலும், "எதுக்குத் திட்டுனா? பிளாட்டு இல்லாம அழுகாத" என்பாள்.

ஐப்பசியில் சந்திரவல்லி புதிதாக வேலைக்கு வந்தாள். மருதாயி சொன்ன படத்தை ஞாயிற்றுக்கிழமை நேரிலேயே போய்ப் பார்த்துவிட்டாள்.

"படத்துல அண்ணங்காரன் சாகவே இல்லயே அத்தே."

நிரை முழுக்கக் கை நின்றது. மருதாயி தன் கூடையைப் பார்த்தாள். அடிகூட மூடவில்லை.

"சாகலயா? பெறகு தம்பி எதுக்கு மலயேறுனான்?"

சந்திரவல்லி யோசித்தாள். "அதச் சொல்லல. பாட்டுப் பாடிக்கிட்டே ஏறுறான்."

"அண்ணன் செத்த ஆங்காரத்துல ஏறுனான்டி. படக்காரன் அத எடுக்காம விட்டுட்டான்."

"மூணு மணி நேரம் உக்காந்து பிளாட்டு இல்லாத படத்தப் பாத்துட்டு வந்துருக்கா" என்றாள் பக்கத்துத் தூரிலிருந்த ராக்கு.

சந்திரவல்லி இரண்டு கையாலும் காயை அள்ளி மருதாயியின் கூடையில் போட்டாள். "சரி, அண்ணன் பொண்டாட்டி என்னானா?"

அடுத்த ஞாயிறு சந்திரவல்லி தியேட்டர் வாசல்வரை போய், பாட்டுப்புத்தகம் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினாள்.