ரெண்டு மணி அக்காவும் எட்டு எபிசோடும்

சினிமாக்காரர்கள் அவளுக்கு வைத்த பெயர் ரெண்டு மணி அக்கா. எத்தனை தடித்த விஞ்ஞான நாவலைக் கொடுத்தாலும் இரண்டு மணி நேரத் திரைக்கதையாக்கித் திருப்பிக் கொடுத்துவிடுவாள். நிதானமாகப் படித்து, யோசித்து வெட்டுகிற ரகமல்ல. முதல் வாசிப்பிலேயே கையில் பென்சில் இருக்கும். பக்கத்தின் மேல்வரிகளில் ராக்கெட்டோ ஆபத்தோ தலைகாட்டவில்லை என்றால் மூலைக்கு மூலை ஒரு கோடு, அடுத்த பக்கம். இருபது வருடமாக இப்படித்தான் பிழைப்பு ஓடியது.

இப்பேர்ப்பட்டவளிடம் போய்த் தொலைக்காட்சித் தொடர் கேட்டார்கள். வேறொரு நட்சத்திரத்துக்கு நூற்றைம்பது வருடம் பயணம் போகும் கப்பலைப் பற்றிய நாவல். எட்டு எபிசோடு வேண்டும் என்றது சேனல். சினிமாவில் கூப்பிட்டு இரண்டு வருடமாகியிருந்ததால் பாய்ந்து ஒப்புக்கொண்டாள். காட்சிப் பட்டியல் போட்டுப் பார்த்தால் ஐந்துதான் தேறியது. விண்கல் மழையை இரண்டு தடவை பெய்ய வைத்தும் ஐந்தேகால்.

"மேடம், திங்கக்கிழமைக்குள்ள எட்டு வரலைன்னா வேற ஆளைத்தான் பாக்கணும்," என்று கறாராகச் சொல்லிவிட்டாள் சேனலின் கதைப் பிரிவுத் தலைவி.

சனிக்கிழமை முழுக்க வில்லனுக்கு ஒரு தம்பியைச் சேர்ப்பதும் நீக்குவதுமாகப் போனது. பயம் பிடித்துக்கொண்டது அவளுக்கு. இதுவும் கைநழுவினால் இனி எவர் கூப்பிடப் போகிறார்? அந்த நேரம் பார்த்துப் பக்கத்து அறையில் குபீரென்று ஒரு சிரிப்பு. பஸ் ஓட்டுநரான அவள் கணவர், விடுமுறை நாளில் சோபாவில் சாய்ந்துகொண்டு அதே நாவலைப் படித்துக்கொண்டிருந்தார். கையில் ரப்பர்.

"ஃபெயிலான பரீட்சைப் பேப்பர் மாதிரி அடிச்சு வச்சிருக்கியே! கோட்டை அழிச்சு அழிச்சுப் படிக்கறேன்."

"விண்கல் மோதற கதையில சிரிக்க என்னங்க இருக்கு?"

"விண்கல்லா? நான் டெய்லரைப் படிக்கறேன்."

"எந்த டெய்லர்?"

அவர் அவளை ஏற இறங்கப் பார்த்தார். புத்தகத்தை நீட்டினார்.

அந்தக் கப்பலில் புதுத்துணியே கிடையாது. முதல் கேப்டன் பதவியேற்றபோது போட்ட சட்டையைப் பிரித்து, அந்தக் கேப்டனின் பேத்திக்கே கவுன் தைக்கப் பார்க்கிறார் கப்பலின் தையற்காரர். கேப்டன் தர மறுத்துச் சட்டையோடு ஓடி ஒளிகிறார்; கடைசியில் சட்டை கவுனாகிறது. தையற்காரருக்குப் பின் அவர் மகள், அவளுக்குப் பின் அவள் மகன் என்று ஊசி கைமாறுகிறது. புதுக் கிரகத்தில் பிறக்கும் முதல் குழந்தையைச் சுற்றுவதும் அந்தத் துணியில் மிஞ்சிய துண்டைத்தான். தொண்ணூறு பக்கம்! எல்லாமே அவள் கோட்டுக்கடியில் கிடந்தது.

பென்சிலைத் தூக்கிப் போட்டுவிட்டு, சிரிக்கிற இடத்தில் சிரித்து, அழுகிற இடத்தில் அழுது, வெட்கமில்லாமல் படித்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் ஒரு நாவலைப் படித்ததே இல்லை.

"ஏம்மா, எனக்கு இன்னும் பத்துப் பக்கம் பாக்கி!"

"அப்புறம் பாத்துக்கலாம், போங்க!"

ஞாயிற்றுக்கிழமை பட்டியலை அடியோடு மாற்றினாள். திங்கட்கிழமை எட்டு எபிசோடுக்கான காட்சிப் பட்டியலைத் தலைவியின் மேஜையில் வைத்தாள். கேப்டன் ஓடுகிற இடத்தில் தலைவி வாய்விட்டுச் சிரித்தாள். கடைசிப் பக்கத்தில் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள்.

"பிரமாதம் மேடம்! இந்தச் சட்டைக் கதை நீங்களே சேத்ததா?"

ஆமாம் என்று தலையாட்டினால் போதும். அவளுக்கு மனசு வரவில்லை.

"நாவல்லயே இருக்குங்க. எங்க வீட்டுக்காரர்தான் கண்டுபிடிச்சார். நான் முந்தாநாள்தான் படிச்சேன்."

தலைவி கண்ணாடியை மாட்டிக்கொண்டாள்.

"எட்டையும் நீங்களே எழுதுங்க. அடுத்த நாவலை மட்டும் நேரா உங்க வீட்டுக்காரருக்கு அனுப்பிடறேன்."