பழைய புத்தகங்கள் என்று எழுதிய பெட்டி

சித்தி ஆஸ்பத்திரிச் சலவைப் பிரிவில் இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தவள். காணாமல் போன ஒவ்வொரு படுக்கை விரிப்புக்கும் முதலில் அவளைத்தான் கேட்டார்கள். சூடு கண்ட பூனை அடுப்பங்கரை சேராது என்பார்கள். சித்தி ஓய்வு பெற்றபின் அடுப்பங்கரையை மட்டும்தான் சேர்ந்தாள், மனிதர்களைச் சேர்க்கவில்லை. அங்கே கொய்யா ஜாம் கிண்டினாள். தூரத்து நகரத்துப் பேக்கரிக்காரர் ஒருவர் மட்டும் மாதாமாதம் பன்னிரண்டு பாட்டில் வாங்கினார்.

நான் மூன்று வருஷம் தேசம் தேசமாகச் சுற்றிவிட்டு அவள் வீட்டில் வந்து இறங்கிய வாரம், மூன்றாவது முறையாகப் பாட்டில்கள் உடைந்து போய்ச் சேர்ந்திருந்தன. இன்னொரு தடவை உடைந்தால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்வதாகப் பேக்கரிக்காரர் சொல்லிவிட்டார்.

"பார்சல் ஆபீஸ் மீசைக்காரன் வேலைதான். வேணும்னே போட்டு உடைக்கிறான்."

"அவருக்கு அதுல என்ன லாபம் சித்தி?"

"நீ ஊரைத்தான் சுத்திப் பாத்திருக்க. மனுஷங்களப் பாக்கலடீ."

எனக்கு அவள் கட்டும் விதத்தின்மேல்தான் சந்தேகம். பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். மூடிக்கு டேப் ஒட்டினாள். ஒவ்வொரு பாட்டிலையும் பிளாஸ்டிக் பையில் போட்டுச் செய்தித்தாளில் நாலு சுற்று சுற்றினாள். பாட்டிலுக்கும் பாட்டிலுக்கும் நடுவே அட்டை செருகினாள். பெட்டியைக் காதருகே ஆட்டினாள், சத்தமே இல்லை. பிறகு மேலே கொட்டை எழுத்தில் எழுதினாள்: பழைய புத்தகங்கள்.

"இது என்ன சித்தி?"

"ஜாம்னு எழுதினா நக்கிப் பாக்காம விடுவானா? பழைய புத்தகத்த எவன் தொடுவான்?"

பார்சல் ஆபீஸில் மீசைக்காரர் அந்த எழுத்தைப் படித்தார். பெட்டியைத் தரையில் வைத்து, அதன்மேல் ஒரு இரும்புச் சாமான் பெட்டியை ஏற்றப் போனார்.

"அண்ணே, அதுல கண்ணாடி பாட்டில் இருக்கு," என்றேன். சித்தி என் முழங்கையைக் கிள்ளினாள்.

அவர் நிமிர்ந்தார். "புத்தகம்னா அடியிலதான்மா போடுவோம், எவ்வளவு பாரமும் தாங்கும்னு. மூணு மாசமா உங்க பெட்டியை நம்பித்தான் மத்ததையெல்லாம் அடுக்கினோம்."

சித்தி எழுதியதை அடித்துவிட்டு, 'கண்ணாடி, கவனம்' என்று எழுதினாள். ஜாம் என்று எழுதவில்லை. வண்டியில் அந்தப் பெட்டி எல்லாவற்றுக்கும் மேலே ஏறும்வரை வாசலை விட்டு நகரவுமில்லை.

நான்காம் நாள் பேக்கரிக்காரர் போன் செய்தார். பன்னிரண்டும் முழுசாக வந்துவிட்டன, அடுத்த மாதம் இருபது வேண்டும் என்றார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. சித்தியின் முகம் மட்டும் தெளியவில்லை.

"ஒண்ணுகூட உடையலையாம்."

"நல்லதுதானே சித்தி?"

"ஒண்ணுகூடவா?" என்றாள். "அந்த மீசைக்காரன் எதுக்குடீ இவ்வளவு பத்திரமா அனுப்பறான்?"