இருபது ஜூல்

பதினெட்டு வருடமாகப் பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் நடத்துகிறேன். ஜூல் என்றால் என்ன என்று ஒரு போலீஸ் ஏட்டுக்குப் புரியவைக்க எனக்குத் துப்பில்லை.

தேர்தல் நேரம். கழுகுமலையிலிருந்து கோவில்பட்டிக்கு மகளோடு பஸ்ஸில் வந்தேன். வழியில் பறக்கும் படை ஏறியது. அவள் மடியில் ஏர் ரைஃபிள். தேர்தல் முடியும்வரை லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் ஸ்டேஷனில் ஒப்படைக்க வேண்டும். இதற்கு லைசென்ஸே வேண்டாம் என்றேன். யார் கேட்டார்கள்? ஸ்டேஷனில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். சனிக்கிழமை மதுரையில் துப்பாக்கி சுடும் போட்டி. பள்ளிப் பிரிவில் அவளுக்கு அதுதான் கடைசி வாய்ப்பு.

நாலரை மில்லிமீட்டர் குண்டு, ஆற்றல் இருபது ஜூலுக்குள் இருந்தால் லைசென்ஸ் தேவையில்லை. சட்டம் அவ்வளவுதான். எங்களுடையதில் அதில் பாதிகூட வராது. கடைக்காரர் பில்லிலேயே எழுதித் தந்திருந்தார்: '20 ஜூலைத் தாண்டாது. லைசென்ஸ் தேவையில்லை.'

ஏட்டு அதை இரண்டு தடவை படித்தார்.

"ஜூலை இருபதைத் தாண்டாதுன்னு போட்டிருக்கே ஸார். அது போன வருசமே முடிஞ்சுபோச்சு. புதுப்பிச்சிட்டு வாங்க."

"அது மாசம் இல்லய்யா, ஜூல். ஜூல் கூட ஐ சேந்தா ஜூலை. ரெண்டாம் வேற்றுமை."

"வேற்றுமை எல்லாம் எங்களுக்கு இல்ல ஸார். எல்லாருக்கும் ஒரே ரூல்தான்."

தலையை எந்தச் சுவரில் முட்டுவது? லைசென்ஸ் வேண்டாம் என்று ஒரு கடிதம் வாங்கி வரச் சொன்னார். தாலுகா ஆபீசுக்கு ஓடினேன்.

"வேணும்னா மனு குடுங்க. வேண்டாம்ங்கதுக்கு எங்ககிட்ட ஃபாரம் கிடையாது" என்றார் அங்கிருந்த அம்மா.

மூன்று நாள் இப்படியே அலைந்தேன். மகள் வீட்டில் வெறுங்கையால் குறிபார்த்துக்கொண்டிருந்தாள்.

சனிக்கிழமை காலையிலும் ஸ்டேஷன் வாசலில்தான் நின்றோம். தேர்தல் வேலைக்குப் போயிருந்த இன்ஸ்பெக்டர் பதினொரு மணிக்கு வந்தார். பில்லை ஒரு பார்வை பார்த்தார். "இத எதுக்குய்யா பிடிச்சு வச்சிருக்கே? குடுத்து அனுப்பு" என்றார். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. மதுரையில் அவள் முறை ஒன்பது மணிக்கே முடிந்திருந்தது.

ஏட்டு ரிஜிஸ்டரை நீட்டினார். "நல்ல நிலையில் பெற்றுக்கொண்டேன்னு எழுதிக் கையெழுத்துப் போடும்மா."

அவள் பேனாவை வாங்கினாள்.

"நல்ல நிலைன்னு துப்பாக்கியை மட்டுந்தான கேக்கீங்க, அண்ணே?"