மணாலியில் எடுத்த படம்

மணாலிப் பயணத்தின் படங்களை நான் இன்றுவரை ஒருவருக்கும் காட்டவில்லை. பாரிஸில் எங்கள் ஆட்களின் கடைத்தெருவான லா சப்பலுக்குப் போனால் யாராவது கேட்பார்கள்: "இமயமலைக்குப் போனனீங்களாமே, படம் ஒண்டும் எடுக்கேல்லையோ?" ஃபோன் பழுதாகிவிட்டது என்று சொல்லிவிடுவேன். பொய்தான். அந்தப் பயணத்தை ஒட்டி நான் சொன்ன பொய்களில் இது மிகச் சின்னது.

போக ஆசைப்பட்டவன் நான். நான் வேலை செய்யும் உணவகத்தின் குசினி நிலத்துக்குக் கீழே இருக்கிறது, யன்னல் கிடையாது. கோப்பை கழுவும் தொட்டிக்கு மேலே, ரூ பெர்தொனே தெருவில் ஒரு நகைக்கடைக்காரர் தந்த கலண்டர் தொங்கியது. வழக்கமாகச் சாமிப் படம் போடுகிற மனிதர் அந்த வருடம் என்ன நினைத்தாரோ, ஒரு பனிமலையும் அதன் காலடியில் பள்ளத்தாக்கும் போட்டிருந்தார். வருடம் முடிந்தும் அதை நான் கழற்றவில்லை. செத்துப்போவதற்குள் அந்த இடத்தில் ஒருதரம் நிற்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்துக்கொண்டது.

என்னிடம் இருப்பது அகதிகளுக்குக் கொடுக்கும் பயணப் பத்திரம். இலங்கைக்கு மட்டும் அதில் போக முடியாது. இந்திய விசாவுக்கு மாதக்கணக்கில் அலைந்தேன். மனைவியும் முன்பு என்னைப் போலத்தான். ஆனால் அவளுக்குப் பிரெஞ்சுக் கடவுச்சீட்டு வந்துவிட்டது. பதினாறு வருடமாக ஃபோன் திரையிலேயே பார்த்த தகப்பனை இனி நேரில் பார்க்கலாம். அவரோ பாரிசவாதம் வந்து ஊரில் படுக்கையில் கிடந்தார்.

"டில்லி வரைக்கும் போறம்தானே. அங்கையிருந்து கொழும்பு கிட்ட. ஒரு கிழமை ஐயாவோடை நிண்டிட்டு வாறனே," என்று கேட்டாள்.

"வாற வருஷம் நீர் ஆறுதலாப் போகலாம். தனிய விட எனக்குப் பயமாக் கிடக்கு," என்றேன்.

பயம் என்றது சும்மா. இருபது வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் விடுமுறை. அதைத் தனியே கழிக்க எனக்கு விருப்பமில்லை, அவ்வளவுதான். அவள் அதற்குமேல் கேட்கவில்லை.

முதலில் சிம்லா. படிகளாலேயே கட்டிய ஊர். ஏறி ஏறி அவளுக்கு மூச்சு வாங்கியது. ஒரு குரங்கு வந்து என் கண்ணாடியைப் பறித்துக்கொண்டு கூரையில் ஏறியது. பொரிகடலைப் பொட்டலம் ஒன்று எறிந்த பிறகுதான் கீழே போட்டது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு ஆற்றோரமாகவே குலு பள்ளத்தாக்கு வழியாக மணாலிக்கு வாகனத்தில் போனோம். இரண்டு பக்கமும் அப்பிள் தோட்டங்கள், மேலே தேவதாரு, அதற்கும் மேலே பனி. கலண்டர் பொய் சொல்லவில்லை. நான் சந்தோஷமாக இருந்தேன் என்பதை மறைக்கப் போவதில்லை.

மணாலியில் இரண்டாம் நாள் காலை அவள் குளித்துக்கொண்டிருந்தபோது என் ஃபோனுக்கு அழைப்பு வந்தது. அவளுடைய தம்பி.

"அத்தான், ஐயா மோசம் போட்டார். விடியப்புறம்."

எங்கள் ஆட்களிடம் ஒரு பழக்கம். சாவுச் செய்தியை உரியவருக்கு நேரே சொல்வதில்லை. பெண்ணென்றால் புருஷனிடம் சொல்வார்கள். அவன் வீட்டில் இருத்தி, சாப்பிட வைத்து, பிறகு மெல்லச் சொல்ல வேண்டும். பயணத்தில் இருப்பவரிடம் அறவே சொல்வதில்லை. எங்கள் குசினியில் ஒருவன் தாய் செத்தது தெரியாமல் முழு நாளும் வெங்காயம் வெட்டினான்; அடுப்படியில் நின்ற எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதைக் கருணை என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

தம்பி கேட்டான்: "அக்கா வருவா எண்டால் நாளையிண்டை வரைக்கும் வைச்சிருக்கலாம். வைக்கட்டோ?"

வெளிநாட்டுப் பிள்ளை வந்து முகம் பார்ப்பதற்காக உடலை வைத்திருப்பது இப்போது ஊரில் வழமை. உடனே புறப்பட்டால் அடுத்த நாள் டில்லி, அதற்கடுத்த நாள் அவள் வீட்டு வாசல். கணக்குச் சரியாக வந்தது. என்னால் கொழும்பில் இறங்க முடியாது. அவளை அழ அழத் தனியே ஏற்றிவிட்டு, நான் மட்டும் பாரிசுக்குத் திரும்ப வேண்டும். எனக்கு ஆத்திரம் வந்தது. இத்தனை மாதம் கிடந்த மனுசன் இன்னும் ஒரு கிழமை பொறுத்திருக்கக் கூடாதா என்று நினைத்தேன். வெட்கமில்லாமல் அப்படியே நினைத்தேன்.

"இஞ்சை மலை. இறங்கி வாறது கரைச்சல். நாளைக்கே எடுங்கோ. அக்காவுக்கு வீட்டை போய் நான் சொல்லுறன். நீங்கள் ஒருத்தரும் அவவுக்கு ஃபோன் எடுத்துச் சொல்லிப்போடாதேங்கோ."

குளித்துவிட்டு வருவதற்குள் அவள் ஃபோனில் இணையத்தை நிறுத்தினேன். மலையில் தொடர்பு கிடைக்காதாம் என்றேன். நம்பினாள்.

அன்று மரத்தால் கட்டிய ஒரு பழைய கோயிலுக்குப் போனோம். சாவுத் துடக்கோடு அவளை உள்ளே கூட்டிப் போகிறோமே என்று என் கால் கூசியது. அவள் பூசாரியிடம் தகப்பனின் பெயரையும் நட்சத்திரத்தையும் தமிழிலேயே சொல்லி, சுகமாக எழும்பி நடக்க வேண்டும் என்று கும்பிட்டாள். பூசாரி அதைக் காதில் வாங்காமல் நெற்றியில் குங்குமத்தை இழுத்துவிட்டு, உள்ளங்கையில் நாலு சீனி உருண்டை வைத்தார். "ஐயாவுக்குக் குடுத்தனுப்ப ஏலுமெண்டால்," என்று இரண்டைக் கடதாசியில் மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள். அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். இன்னும் நேரம் இருந்தது.

அடுத்த நாள் சோலாங் பள்ளத்தாக்கு. வாடகைக்கு எடுத்த சிவப்புக் கம்பளி அங்கி, முழங்கால் வரை சப்பாத்து. தம்பி மரண அறிவித்தலை எனக்கு அனுப்பி, பெயர்கள் சரியா பாருங்கோ என்று கேட்டிருந்தான். பனிக்குள் நின்றுகொண்டு பார்த்தேன். பிள்ளைகள் வரிசையில் அவள் பெயரும் அதன் பக்கத்தில் பிரான்ஸ் என்றும் இருந்தது. என் பெயரில் ஒரு எழுத்து விடுபட்டிருந்தது. அதைத் திருத்தி அனுப்பினேன். பகல் இரண்டு மணிக்கு எடுப்பதாக எழுதியிருந்தது.

இரண்டு மணியானபோது அவளைச் சடைமாடு ஒன்றின் மேல் ஏற்றிவிட்டு, அவளுடைய ஃபோனை வாங்கிப் படம் எடுத்தேன். குளிரில் முகத்தை இறுக்கி வைத்திருந்தாள்.

"சிரியுமப்பா," என்றேன். "வடிவாச் சிரியும்."

சிரித்தாள்.

மிச்ச நாட்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை. பனி இருந்தது, மலை இருந்தது, நான் எதையும் பார்க்கவில்லை.

பொண்டியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குப் போய், குளித்து, சாப்பிட்டபின் சொல்வதென்று விமானத்தில் வார்த்தைகளை அடுக்கிக்கொண்டு வந்தேன். விமான நிலையத்திலிருந்து வந்த ரயில், கார் து நோர் ஸ்டேஷனை நெருங்கும்போது அவள் எழும்பினாள். வீட்டில் மரக்கறி ஒன்றும் இல்லை, லா சப்பலில் வாங்கிக்கொண்டு போவோம் என்றாள். மறித்துப் பார்த்தேன். அவள் பெட்டியை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

அறிவித்தலை ஊர்க்காரர்கள் லா சப்பலிலும் ஒட்டுவார்கள் என்பது எனக்குத் தெரியாத விடயமா? எத்தனை பேருடையதை நானே பசை பூசி ஒட்டியிருக்கிறேன். ஆனாலும் என் புத்தியில் அது ஏறவேயில்லை. மரக்கறிக் கடையின் கண்ணாடிக் கதவில், ஃபோன் அட்டை விளம்பரத்துக்குப் பக்கத்தில், அறிவித்தலிலிருந்து அவளுடைய ஐயா வெள்ளைச் சட்டையோடு எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் ஒவ்வொரு வரியாக வாசித்தாள். தன் பெயரில் விரலை வைத்தாள். பிறகு திகதியில் வைத்தாள். சத்தம் போட்டு அழுவாள் என்று நான் தோளைப் பிடிக்கப் போனேன். விலகிக்கொண்டாள்.

"உங்களுக்குத் தெரியும்."

"ஓம்."

"தம்பி வைச்சிருக்கட்டோ எண்டு கேட்டவனோ?"

கடைக்குள் போகிறவர்கள் எங்கள் பெட்டிகளைச் சுற்றிப் போனார்கள். இல்லை என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால் அவள் தம்பியோடு பகைப்பாள்.

"கேட்டவன். நான்தான் எடுக்கச் சொன்னனான்."

அவள் கைப்பையிலிருந்து ஃபோனை எடுத்துப் படங்களைத் தள்ளிக்கொண்டே போனாள். சடைமாட்டுப் படத்தில் நிறுத்தினாள். மேலே நேரம் இருந்தது: இரண்டு மணி ஏழு நிமிடம். அதையும் அறிவித்தலையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சிரி எண்டு நீங்கள்தான் சொன்னனீங்கள்," என்றாள்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அவள் தனியே ஊருக்குப் போனாள். மடித்து வைத்த சீனி உருண்டைகளையும் கொண்டுபோனாள். திரும்பி வந்தபின் ஒருநாளும் என்னைத் திட்டவில்லை. சமைக்கிறாள், வேலைக்குப் போகிறாள், கேட்டதற்குப் பதில் சொல்கிறாள். அந்தப் படத்தை மட்டும் ஃபோனின் முகப்பில் போட்டு வைத்திருக்கிறாள். ஊரிலிருந்து அழைப்பு வந்தால் ஃபோனைத் தான் தொடுவதில்லை. "நீங்கள் முதல் கேளுங்கோ," என்று என்னிடம் நீட்டுகிறாள்.