நாற்பத்தோராவது ஸ்லைட்

1. குரல் போன சனிக்கிழமை

கூட்டம் மத்தியானம் இரண்டு மணிக்கு. ஒன்றரை மணிக்கு முதலாளியின் குரல் போய்விட்டது.

எண்பத்தைந்தாம் ஆண்டு. சூரிச்சில் லாங்ஸ்திராச என்ற பெருந்தெருவுக்குப் பின்தெருவில் மூன்று மேசை போட்ட சின்னப் பயண அலுவலகம் அது. நான் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ஒரு வருடம். அகதி வழக்கு முடியவில்லை. என் பெர்மிட்டில் துப்பரவு வேலை என்று எழுதியிருந்தது, அதனால் துப்பரவு செய்தேன். தரை துடைத்து முடிந்தால் முதலாளி வேறு வேலை தருவார். திரையில் காட்டும் ஸ்லைட் படங்களுக்குச் சட்டம் போடுவது, பயணிகளின் பெட்டிகளில் கட்டும் அட்டைகளில் பெயர் எழுதுவது. என் கையெழுத்து அழகு என்று அவருக்கு ஒரு எண்ணம்.

முதலாளி பெயர் புரூனர். அவர் விற்றது ஒரே ஒரு பயணம்தான். பெயர், ‘ஆறுதலாக நேபாளம்’. பத்தொன்பது நாள், எட்டுப் பேர், ஒன்பதாவது ஆளுக்கு இடமில்லை. ஒரு நாளைக்கு ஒரு கோயில் அல்லது ஒரு முற்றம், மிச்ச நேரம் தேநீர் குடித்துக்கொண்டு சும்மா இருக்கலாம். "ஓடித் திரியிறதுக்கு வேறை கொம்பனி இருக்கு" என்பார். (அவர்கள் பேசியது ஜேர்மன். நான் எங்கள் தமிழிலேயே எழுதுகிறேன்.)

ஆள் சேர்ப்பதற்காகத் தேவாலய மண்டபத்தை வாடகைக்கு எடுத்து, திரைச்சீலை இழுத்து, எண்பது ஸ்லைட் காட்டி அவர் பேசுவார். அன்று இருபத்துநாலு கதிரை போட்டாயிற்று. ஏழு பேர் ஏற்கெனவே பதிந்திருந்தார்கள், இன்னும் ஒருவர் வேண்டும்.

"யோகன், எனக்குப் பதிலா நீர் கதையும்" என்றார், காற்று மட்டும் வரும் குரலில்.

"நான் நேபாளம் போகேல்லையே."

"அது அவைக்குத் தெரியாது. உம்மடை முகத்தைப் பாத்தா நம்புவினம்."

நம்பினார்கள். யாழ்ப்பாணம் எங்கே, காத்மாண்டு எங்கே! ஆனால் அந்த மண்டபத்தில் எல்லாம் ஒரே கிழக்குத்தான். முதலாளியின் குறிப்புத் தாளைப் பார்த்து நாற்பது படம் ஒழுங்காகக் கடந்தேன். நாற்பத்தோராவதில் புரொஜெக்டர் இறுகிவிட்டது.

லலித்பூரில் ஒரு உள்முற்றம். செங்கல் தரை, மூலையில் ஒரு நீலக் கதவு. முதலாளியின் குறிப்பில் ‘41. முற்றம். மாலை வெளிச்சம் நல்லது’ என்று மட்டும் இருந்தது. நான் பொத்தானை அமத்துகிறேன், படம் நகரவில்லை. முன்வரிசையில் ஒரு அம்மா கை உயர்த்தினார்.

"அந்தக் கதவுக்குப் பின்னாலை என்ன இருக்கு?"

‘தெரியாது’ என்று சொல்லியிருக்கலாம். ஒரே சொல். இருபத்துநாலு பேர் பார்த்துக்கொண்டிருக்க அது என் வாயில் வரவில்லை. எங்கள் அம்மா வெள்ளிக்கிழமைகளில் காலை நீட்டி உட்கார்ந்து பஞ்சைத் திரியாக உருட்டுவது ஏனோ நினைவுக்கு வந்தது. சொன்னேன்: அங்கே ஒரு பெண் வாசலுக்கு முதுகு காட்டி இருந்து திரி உருட்டுகிறாள். நீங்கள் போய், இறந்துபோன ஒருவரின் பெயரைச் சொன்னால் போதும். ஒன்றும் கேட்கமாட்டாள், காசு வாங்கமாட்டாள். அந்தப் பெயருக்கு ஒரு திரி ஏற்றுவாள்.

புரொஜெக்டர் தானாகவே அடுத்த படத்துக்கு நகர்ந்தது.

கூட்டம் முடிந்ததும் அந்த அம்மா என்னிடம் வந்தார். "சவம் கிடைக்காத ஆளின்ரை பேரைச் சொன்னாலும் கொளுத்துவாவோ?"

"ஓம், கொளுத்துவா" என்றேன். அவர் அங்கேயே படிவத்தை நிரப்பினார். எட்டாவது ஆள் கிடைத்துவிட்டது.

2. பெட்டி அட்டை

அவர் பெயர் கெர்பர். திருமதிக்கு ஜேர்மனில் ஃப்ராவ், அதனால் ஃப்ராவ் கெர்பர் என்று கூப்பிடுவோம். ஒரே மகன் மத்தியாஸ். மூன்று வருடங்களுக்கு முன் எங்கடின் என்ற மலைப் பள்ளத்தாக்குப் பக்கம் ஒரு பனியாற்றில் ஏறப் போனவன் திரும்பவில்லை, தேடியும் கிடைக்கவில்லை. இதை முதலாளி திங்கட்கிழமை சொன்னபோதுதான் என் பொய்யின் எடை எனக்குத் தெரிந்தது.

கதை நானே கட்டியது என்று முதலாளியிடம் உண்மையைச் சொன்னேன். சிரித்தார். "அந்தக் கதவுக்குப் பின்னாலை செங்கல்லுச் சுவர். நான் பதினொரு முறை போயிருக்கிறன். பயப்பிடாதையும். இண்டைக்குப் பூட்டு எண்டு சொல்லிச் சமாளிக்கிறன்."

ஃப்ராவ் கெர்பர் பயணச்சீட்டு வாங்க வந்த அன்று அவருக்கும் சொல்லிவிடத் தீர்மானித்தேன். அவர் பெயரைப் பெட்டி அட்டையில் எழுதிக்கொண்டே வாயைத் திறந்தேன். அவர் பணப்பையிலிருந்து மகனின் படத்தை எடுத்து வைத்தார். "இவனும் உங்களைப் போலை மெல்லிசு" என்றார். நான் அட்டையின் நூலை இறுக்கிக் கட்டிக் கொடுத்தேன்.

அந்தப் பத்தொன்பது நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. என்னோடு அறையில் இருந்த துரை அண்ணை உணவகத்தில் கோப்பை கழுவுகிறவர். விசயத்தைக் கேட்டுவிட்டு, "பொய் சொன்ன வாய்க்குப் போசனம் கிடையாது எண்டு சும்மாவோ சொன்னவை" என்று என் பங்கையும் சேர்த்துச் சாப்பிட்டார்.

3. திறந்த கதவு

முதலாளி பயணத்திலிருந்து வந்தால் அலுவலகம் சந்தை மாதிரி இருக்கும். அந்த முறை கோட்டைக் கழற்றாமல் கதிரையில் உட்கார்ந்தார்.

"நான் முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் தேத்தண்ணி குடிச்சுக்கொண்டு இருந்தனான். மற்ற ஏழு பேரும் என்னோடை. ஃப்ராவ் கெர்பர் தனிய எழும்பிப் போய்க் கதவைத் தள்ளினா. திறந்தது. உள்ளுக்குப் போனா."

"பிறகு?"

"கதவு சாத்தினது. நான் ஓடிப்போய்த் திறந்து பாத்தன். செங்கல்லு. கையாலை தட்டிப் பாத்தன், யோகன், செங்கல்லு."

"பிறகு?"

"அரை மணித்தியாலம் கழிச்சு அதே கதவைத் திறந்துகொண்டு வெளியிலை வந்தா. என்னைப் பாத்துச் சிரிச்சா." கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "நீர் அந்தக் கதையை எங்கை கேட்டனீர்?"

நான் எங்கேயும் கேட்கவில்லை.

பயணிகளின் ஃபிலிம் சுருள்கள் கழுவி வந்தன. சட்டம் போடுவது என் வேலை. ஃப்ராவ் கெர்பரின் சுருளில் இருபத்திரண்டாவது படத்தை விளக்குப் பெட்டியில் வைத்தேன். நீலக் கதவு திறந்திருந்தது. உள்ளே கறுப்பு. அந்தக் கறுப்பிலிருந்து ஒரு கை மட்டும் வெளிச்சத்துக்கு நீண்டிருந்தது. விரல்களுக்கு இடையில் ஒரு வெள்ளைத் திரி. பட்டப்பகல் பதினொரு மணிக்கு, வெளியே டிராம் போகும் சத்தத்துக்கு நடுவில், பெட்டியின் விளக்கை அணைத்து மறுபடி போட்டுப் பார்த்தேன். அந்தக் கை படம் எடுத்தவருக்கு நீட்டிய கையாகத் தெரியவில்லை. படத்தைப் பார்க்கிறவனுக்கு நீட்டிய கை.

இரண்டு நாள் கழித்து ஃப்ராவ் கெர்பர் நேரே வந்தார். இளமை திரும்பியவர் போல இருந்தார்.

"நீங்கள் சொன்னபடியே வாசலுக்கு முதுகு காட்டி இருந்தா. நான் மத்தியாசின்ரை பேரைச் சொன்னன். திரியை எடுத்தா, விளக்கிலை வைக்கப் போனா, பிறகு தலையை ஆட்டிப்போட்டுத் திருப்பி வைச்சிட்டா. மூண்டு தரம் சொன்னன். மூண்டு தரமும் கொளுத்தேல்லை." அவர் கண் நிறைந்தது. "விளங்குதோ? அவன் சாகேல்லை."

"இன்னொண்டு. என்ரை தோள்பையிலை நீங்கள் எழுதின அட்டை தொங்கினது. அதை இழுத்துப் பாத்தா. எழுத்தை விரலாலை தடவினா. பிறகு இதைத் தந்தா." ஃபிலிம் சுருள் வரும் கறுப்பு டப்பா ஒன்றை மேசையில் வைத்தார். உள்ளே ஒரு பஞ்சுத் திரி. "இது உங்களுக்கு. உங்களுக்கும் ஆரும் இருக்கினமோ?"

"தம்பி" என்றேன்.

சுவிஸ் மண்ணில் அதை நான் சொன்னது அதுதான் முதல் தடவை. என் தம்பி நேசனை நான் புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பு ஆயுதக்காரர் பஸ்ஸை மறித்து இறக்கிக்கொண்டு போனார்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை. துரை அண்ணைக்கும் தெரியாது, முதலாளிக்கும் தெரியாது. அம்மா கடிதத்துக்குக் கடிதம் கேட்டாள், ‘நீ வெளிநாட்டில் இருக்கிறாய், யாரிடமாவது விசாரித்தாயா?’

4. தேங்காய் எண்ணெய்

ஞாயிறு மத்தியானம், துரை அண்ணை வேலைக்குப் போன பிறகு, தமிழ்க் கடையில் வாங்கிய தேங்காய் எண்ணெயை ஒரு கிண்ணத்தில் ஊற்றித் திரியை நனைத்து வைத்தேன். நானே கட்டிய கதை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் நேசனின் முழுப் பெயரைச் சொல்லித் தீக்குச்சியை வைத்தேன்.

பற்றவில்லை. குச்சி விரலைச் சுடும்வரை பிடித்தேன், திரியின் நுனி கறுக்கக்கூட இல்லை. மூன்று குச்சி. பிறகு மருந்துக் கடைப் பஞ்சில் நானே ஒரு திரி உருட்டி, அதே எண்ணெயில், அதே கிண்ணத்தில் வைத்தேன். முதல் குச்சியிலேயே பிடித்தது.

சமைக்கும் குசினித் தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அவ்வளவு சந்தோசம். அன்றே அம்மாவுக்கு எழுதினேன்: ‘நம்பிக்கையான இடத்தில் விசாரித்தேன். தம்பி உயிரோடு இருக்கிறான்.’

அம்மாவின் பதில் வர இரண்டு மாதம் ஆனது. இனிமேல் வாசல் படலையைப் பூட்டுவதில்லை என்று எழுதியிருந்தாள், அவன் எந்த நேரம் வருவானோ என்று.

5. பனியாறு திருப்பிக் கொடுத்தது

எண்பத்தெட்டாம் ஆண்டுக் கோடை நல்ல வெக்கை. ஆவணியில் ஒரு நாள் ஃப்ராவ் கெர்பர் அலுவலகத்துக்கு வந்தார். உட்காரவில்லை.

"மத்தியாசைக் கண்டுபிடிச்சிட்டினம். பனியாற்று விளிம்பிலை. உருகி வெளியிலை வந்திருக்கு. சப்பாத்து, கயிறு எல்லாம் அப்பிடியே இருக்கு. விழுந்த அண்டைக்கே போயிட்டானாம்."

மூன்று வருடமாக விழுங்கி வைத்திருந்ததைக் கொட்டினேன். நான் நேபாளம் போனதேயில்லை, அந்தப் பெண்ணும் திரியும் மெசின் இறுகின நேரத்தில் நானே கட்டிய கதை, என்னை மன்னியுங்கள் என்றேன். தம்பியின் பெயருக்குத் திரி பற்றாததையும் சொன்னேன்.

அவருக்குக் கோபம் வந்திருந்தால் தாங்கியிருப்பேன்.

"நான் அவவின்ரை முன்னாலை இருந்தனான். கையைத் தொட்டனான். நீங்கள் காணேல்லை. காணாத ஆள் பொய்யெண்டு சொன்னா, கண்ட நான் எப்பிடி நம்புறது?" கைப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "மூண்டு வருசம் ஞாயிற்றுக்கிழமையிலை அவனுக்கும் சேர்த்துச் சமைச்சன். எனக்குத் தெரிய வேண்டியது ஒண்டுதான். அவன் செத்துத்தானே இருந்தவன், பிறகு ஏன் அவ கொளுத்தேல்லை?"

இந்த முறை உண்மையிலேயே தெரியாது, அதையாவது சொன்னேன். "தெரியாது."

வாசலில் நின்று திரும்பினார். "ஒருவேளை, ஆளைக் கண்டெடுக்கும் வரைக்கும் அவ கொளுத்துறதில்லையோ? உங்கடை திரியை இன்னொருக்காக் கொளுத்திப் பாருங்கோ."

6. தெரியாது என்ற சொல்

அதற்குப் பிறகு எனக்கு நல்ல பெர்மிட் கிடைத்தது, கடவுச்சீட்டு கிடைத்தது, நானே குழுக்களைக் கூட்டிக்கொண்டு நேபாளம் போனேன். ஒன்றல்ல, பத்தொன்பது முறை. லலித்பூர் முற்றத்தை மட்டும் உள்ளூர் வழிகாட்டி காட்டுவார். நான் எதிர்ப்பக்கத் தேநீர்க் கடையில் அந்தக் கதவுக்கு முதுகு காட்டி இருப்பேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றுதான். பயணி ஒரு கதவைக் காட்டி, பின்னால் என்ன என்று கேட்டால், நீங்கள் திறந்து பார்க்காத கதவென்றால் ‘தெரியாது’ என்று சொல்லுங்கள். ஒருவரும் உங்களைக் குறைவாக நினைக்கமாட்டார்கள். நினைத்தாலும் பரவாயில்லை. உங்கள் வாயிலிருந்து போன கதையை நம்பி ஒருவர் கதவைத் தள்ளிவிட்டால், பிறகு அதைத் திருப்பி எடுக்க உங்களால் முடியாது.

எண்பத்தெட்டுக்குப் பிறகு அம்மா பதினொரு வருடம் இருந்தாள். சாகும்வரை படலை பூட்டவில்லை என்று பக்கத்து வீட்டார் எழுதினார்கள். அந்தக் கடிதம் வந்த அன்று மேசை லாச்சியிலிருந்து அந்தக் கறுப்பு டப்பாவை எடுத்துத் திறந்தேன். எண்ணெயில் ஊறிய திரி, இத்தனை வருடத்தில் மஞ்சளாகியிருக்க வேண்டும். புதிதாக உருட்டியது போல வெள்ளையாக, காய்ந்து கிடந்தது. மூடி வைத்தேன்.

தீப்பெட்டியும் அதே லாச்சியில்தான் இருக்கிறது. இரண்டாவது முறை நான் உரசிப் பார்க்கவில்லை. இந்த முறை பற்றிக்கொள்ளுமோ என்று பயமாக இருக்கிறது.