73939133-ஐ வகுக்கப் போன கதை

மலரைப் பத்திச் சொல்றதுக்கு முன்னால ஒண்ணை ஒத்துக்கிறேன். அவளைப் பாத்தாலே எனக்கு வயிறு எரியும்.

மலேசியாவுல, யோங் பெங் ஊர்ல ஹாரூன் முதலாளியோட ஃபோன் கடையில ஒன்பது வருஷமா சிம் கார்டு விக்கிறேன். மலர் வந்து ஒரு வருஷம்தான். அதுக்கு முன்னால சிங்கப்பூர் பேக்டரிக்குப் போய் வந்துக்கிட்டிருந்தவ. எல்லைப் பாலத்து ஜாம்ல பஸ் நிக்கிற நேரமெல்லாம் எண்களைப் பத்திப் படிச்சே பொழுதைக் கழிச்சாளாம். இப்ப எந்த நம்பரைக் காட்டினாலும் அதுக்கு ஒரு கதை வச்சிருப்பா. கடைக்கு வர்றவங்க, "அந்த மலர் இல்லியா?"ன்னு என்கிட்டயே கேக்கறாங்க. அப்ப நான் யாரு, கதவா?

முதலாளி சிம்பாங் ரெங்கத்துல புதுக் கடை திறக்கறாரு. அதைப் பாத்துக்கப் போறது நானா, அவளான்னு வாயே திறக்கல.

அந்த நேரம் பாத்து, ரெண்டு வருஷமா விக்காத ஒரு சிம்மை மலர் எடுத்தா. முன்னால வர்ற மூணு இலக்கத்தை விட்டுட்டா, 73939133. அவங்களுக்கு ராசியான எட்டு ஒண்ணு கூட இல்லைன்னு சீனவங்க வேணாம்பாங்க. இலக்கங்களை ஒத்தை இலக்கம் வர்ற வரைக்கும் கூட்டினா ரெண்டு வருது, ராசியில்லைன்னு நம்மாளுங்களும் வச்சிட்டுப் போவாங்க.

"இது பகா எண் அக்கா"ன்னா மலர். " ஒண்ணையும் தன்னையும் தவிர எதாலயும் மீதியில்லாம வகுபடாது. கடைசி இலக்கத்தை வெட்டுங்க, 7393913. அதுவும் பகா எண். இப்படியே வெட்டிக்கிட்டுப் போனா, கடைசியில மிஞ்சுற 7 வரைக்கும் எல்லாமே பகா எண்தான். இந்தக் குணத்தோட இதைவிடப் பெரிய எண்ணே கிடையாது."

முதலாளி வாயைப் பொளந்துக்கிட்டுக் கேட்டாரு.

பொய்யா இருக்கணும் சாமின்னு வேண்டிக்கிட்டேன். சாப்பாட்டு நேரத்துல உக்காந்து 3, 7, 9, 11ன்னு ஒவ்வொண்ணா வகுத்துப் பாத்தேன். நூறு வரைக்கும் நோட்டுல, கையால. அதுக்கு மேல முடியல, கடையில கிடந்த சின்ன கால்குலேட்டரை எடுத்தேன். ரெண்டு வாரம் கழிச்சு 329 போட்டேன். 224739. புள்ளிக்கு அப்புறம் ஒண்ணுமே இல்ல!

"அலமாக்! முதலாளி, இங்க வாங்க! இவ சொன்னதெல்லாம் புளுகு!"

மலர் அந்த ரெண்டையும் திருப்பிப் பெருக்கிக் காட்டினா. 73939131. ரெண்டு குறையுது. அந்தக் கால்குலேட்டர்ல மொத்தமே எட்டு இலக்கத்துக்குத்தான் இடம், புள்ளிக்கு அப்புறம் ரெண்டு சைபரைத் தாண்டி வந்த மிச்சத்தை முழுங்கிடுச்சு. கஸ்டமருங்க சிரிச்சாங்க. மூஞ்சியை எங்க வச்சுக்கிறதுன்னே தெரியல.

"நான்தான் முதலாளி, அக்காவைக் கணக்குப் போட்டுப் பாக்கச் சொன்னேன்"னா மலர். அப்படி ஒரு பேச்சே நடக்கல. "நான் படிச்சதோட சரி, ஒரு தடவை கூட வகுத்துப் பாக்கல. அக்கா 329 வரைக்கும் போயிருக்காங்க."

முதலாளி என் நோட்டைப் புரட்டிப் பாத்தாரு. "யாரு சொன்னாலும் சரிபாக்கிற ஆளுதான் தனியா ஒரு கடையப் பாத்துக்க முடியும். சிம்பாங் ரெங்கத்துக்கு நீயே போம்மா, வாசுகி."

சாவி இப்ப என் பையில இருக்கு. ஆசைப்பட்டது கிடைச்சிருச்சு, சந்தோஷமா இருக்க வேண்டியதுதானே? முடியலயே. அவ இடத்துல நான் இருந்திருந்தா, நல்லா மாட்டிக்கிட்டான்னு வேடிக்கை பாத்துக்கிட்டு நின்னிருப்பேன். பாவி, அதையும் எனக்கே தெரிய வச்சுட்டா.