ஷாகிதாக்காவின் வெள்ளை ஸ்டிக்கர்

பூந்தமல்லியில் என் ஜெராக்ஸ் கடைக்கும் ஷாகிதாக்காவின் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடைக்கும் நடுவே ஒரு பிளைவுட் தடுப்புதான். அந்தப் பக்கம் பேசுவதெல்லாம் எனக்குக் கேட்கும். ஒட்டுக்கேட்கிறேன் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்; காதைக் கழற்றி எங்கே வைப்பது?

அக்காவுக்கு நாற்பத்தாறு வயது. அம்பத்தூர் எஸ்டேட்டில் சர்க்யூட் போர்டு செய்யும் கம்பெனியில் பதினோரு வருடம் டெஸ்டிங் பிரிவில் இருந்தவர். மல்டிமீட்டர் வைத்துத் தானே பார்க்காத எந்த அளவையும் நம்பமாட்டார். ரிப்பேர் முடிந்ததும் பிராசஸருக்குப் போகும் வோல்டேஜை அளந்து, வெள்ளை ஸ்டிக்கரில் தேதியோடு எழுதி, கேபினெட்டின் உள்பக்கம் ஒட்டுவார். பழைய கம்ப்யூட்டர் வாங்க வருபவர்கள் மூடியைத் திறந்து முதலில் அந்த ஸ்டிக்கரைத்தான் தேடுவார்கள். அதில் அக்காவுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு. இருந்துவிட்டுப் போகட்டும். எங்கள் தெருவில் தலைக்கனத்துக்குத் தகுதியான வேலை அது ஒன்றுதான்.

போன மாதம் ஒரு காலை, மாங்காட்டில் கல்யாண வீடியோ எடிட் செய்யும் லோகேஷ் கேபினெட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றான்.

"இன்னா லோகேஷு, குடுத்து மூணு நாள் கூட ஆவல?"

"அக்கா, போர்டு செட்டிங்ல ஒண்ணு புள்ளி ரெண்டு வோல்ட் வெச்சிக்கீறே. ஸ்டிக்கர்லயும் அதையே எழுதிக்கீறே. ஆனா வோல்டேஜ் பாக்கறதுக்கு நெட்டுல எடுத்த சாஃப்ட்வேர் ஒண்ணு புள்ளி மூணுக்கு மேல காட்டுது. வீடியோ ஓட்டுனா சூடாயி ஆஃப் ஆவுது. நான் எத நம்பறது?"

"மீட்டர நம்பு. ஓசில வர்ற சாஃப்ட்வேர் ஆயிரம் சொல்லும்."

"அப்ப உன் ஸ்டிக்கரையும் சாஃப்ட்வேர் காட்டறதையும் போட்டோ புடிச்சு எங்க எடிட்டர் குரூப்ல போட்றேன். அவனுங்களே சொல்லட்டும்."

அக்காவின் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் அந்த வாட்ஸ்அப் குரூப்பில் இருந்தார்கள். ஒரு போட்டோ போதும், ஒன்பது வருடம் ஒட்டிய ஸ்டிக்கர் எல்லாம் வெறும் காகிதமாகிவிடும். நான் ஜெராக்ஸை நிறுத்திவிட்டு எழுந்து போனேன்.

அக்கா எப்போதும் செய்வது போலவே மெஷினை போர்டு செட்டிங் திரையில் நிறுத்தி மீட்டரை வைத்தார். ஒன்று புள்ளி இரண்டு. "பாத்துக்க," என்று என்னையும் சேர்த்துப் பார்த்தார்.

"அது சும்மா குந்திகினு கீறப்ப பாக்கறே. வேல செய்யசொல்லோ பாருக்கா," என்றான் லோகேஷ்.

அக்காவின் கை அப்படியே நின்றது. பிறகு அவன் எடிட் செய்யும் கல்யாண வீடியோ ஒன்றை ஓடவிட்டு மறுபடி மீட்டரை வைத்தார். ஒன்று புள்ளி மூன்று ஒன்று. சாஃப்ட்வேரும் கிட்டத்தட்ட அதையேதான் காட்டியது.

எஸ்டேட்டில் போர்டுக்கு வேலை கொடுக்காமல் கரண்ட் மட்டும் கொடுத்து அளப்பார்கள். அந்தப் பழக்கம் அக்காவின் கையை விடவில்லை. வேலை கூடும்போது வோல்டேஜ் இறங்கிவிடாமல் முட்டுக்கொடுக்க போர்டில் ஒரு செட்டிங் உண்டு, எட்டுப் படிகள். எடிட்டிங் மெஷின்களுக்கு நல்லது என்று அக்கா எட்டாவது படியில் வைப்பார். முட்டு அதிகமாகி, தாங்குவதற்குப் பதில் மேலே தள்ளியிருக்கிறது.

மீட்டர் பேட்டரி வீக் என்று ஏதாவது சொல்லிச் சமாளித்துவிட மாட்டாரா என்றுகூட நினைத்தேன். அக்கா செட்டிங்கை நாலாவது படிக்கு இறக்கி, வீடியோவை முழுசாக ஓட்டினார். மீட்டர் ஒன்று புள்ளி இரண்டை விட்டு நகரவில்லை, மெஷினும் அணையவில்லை. பிறகு லோகேஷின் போனை வாங்கி, அந்த குரூப்பில் வாய்ஸ் மெசேஜ் போட்டார்.

"நான் பூந்தமல்லி ஷாகிதா பேசறேன். எடிட்டிங் மெஷினுக்கு நான் போட்ட செட்டிங் தப்பு, ஒட்டுன ஸ்டிக்கரும் தப்பு. என் நோட்டுல பதினேழு மெஷினு கீது. எல்லாரும் எடுத்துகினு வாங்க, சரி பண்ணித் தரேன்."

சாப்பாடு கொண்டுவந்த அவர் கணவர் அப்துல் ஜப்பார் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "என்னையும் நிக்காவுக்கு முன்னாடி சும்மா குந்திகினு இருக்கசொல்லோதான் பாத்தே. அப்பவே வேல குடுத்துப் பாத்திருக்கணும்," என்றார். அக்கா டிபன் கேரியரைப் பிடுங்கிக்கொண்டு சிரித்தார். அதற்குப் பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பத்து நாளில் இருபத்து மூன்று மெஷின்கள் வந்தன. பதினேழை நோட்டில் டிக் அடித்துவிட்டு, மீதி ஆறையும் திறந்து பார்த்தார் அக்கா. உள்ளே அவருடைய ஸ்டிக்கரே இல்லை.

"இது நான் பாத்த மெஷினே இல்லியே," என்றார்.

கொரட்டூரிலிருந்து வந்திருந்த காவ்யா, "தெரியும்க்கா. குரூப்ல உங்க வாய்ஸ் கேட்டேன். எனக்கும் ஒண்ணு ஒட்டிக் குடுங்க," என்றாள்.

ஸ்டிக்கர் இப்போது முன்பைவிடப் பெரியது. மேல் வரியில் 'சும்மா' இருக்கும்போது எடுத்த அளவு, கீழ் வரியில் 'வேலையில்' எடுத்தது. அக்காவின் தலைக்கனமும் பழையபடி திரும்பிவிட்டது. எனக்கு அதில் ரொம்பச் சந்தோஷம்.